கையுறைக் காலம் – 14: காற்றின் பெயர் கொண்ட கனத்த மனிதர்

சென்ற வாரம் சையத் அப்துல் காதிரைக் கிறைஸ்ட்சர்ச்சில் விட்டுவிட்டு வந்தோம், 1974 காமன்வெல்த் விளையாட்டின் வெண்கலத்தோடு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ரிங் ஏறியவர். அந்த நாட்டிலிருந்து ஒலிம்பிக் குத்துச்சண்டைக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

அதைப் படித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டான் ஒரு பையன். ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் குத்துச்சண்டைக் கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "அங்கிள், ஒலிம்பிக் போனவங்களைப் பத்தியே எழுதுறீங்களே. போகாமலே பெரிய ஆளா இருந்தவங்க யாரும் இல்லையா?"

இருக்கிறார். பெயர் ஹவா சிங். இந்தியில் 'ஹவா' என்றால் காற்று. 81 கிலோவைத் தாண்டியவர்கள் மோதிக்கொள்ளும் ஹெவிவெயிட் பிரிவில், ஒவ்வொரு அடியும் அம்மிக்கல் விழுகிற மாதிரி இருக்கும் இடத்தில், காற்று என்ற பெயரோடு ஒருவர். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் எடுத்த இந்தியர் இன்றுவரை வேறு யாருமில்லை. ஒலிம்பிக்கிலோ அவர் ஒரு சுற்றுகூட ஆடியதில்லை.

தமிழரும் இல்லை, மலேசியரும் இல்லை. நம் தொடரில் இவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களை முதலில் மூவாருக்கு அழைத்துப் போகிறேன்.

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியப் படை மூவார் ஆற்றைக் கடந்தது. அங்கே அதைத் தடுக்க நிறுத்தப்பட்டிருந்தது 45-ஆவது இந்தியப் படையணி. அதில் மூன்று பட்டாளங்கள்: ராஜபுதனா ரைஃபிள்ஸ் ஒன்று, கர்வால் ரைஃபிள்ஸ் ஒன்று, ஜாட் ரெஜிமென்டின் நான்காவது பட்டாளம் ஒன்று. பாதிப் பயிற்சியில் கப்பலேற்றப்பட்ட இளவட்டங்கள் நிறைய. ரப்பர் மரத்தையும் காட்டையும் அதற்குமுன் பார்த்தறியாதவர்கள். பக்ரியிலும், பாரிட் சூலோங்குக்குப் போகும் வழியிலும் அந்தப் படையணி ஒரு வாரத்துக்குள் சின்னாபின்னமானது. அதன் தளபதியே போரில் இறந்தார். மிஞ்சியவர்களை வேறு பட்டாளங்களில் சேர்த்துவிட்டார்கள். 45-ஆவது படையணி மறுபடி திரட்டப்படவே இல்லை. சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் அங்கே போனால் தமிழ்ப் பெயர்களைத் தேடுவார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். பக்கத்து வரிகளில் சிங், ராம், சந்த் என்று முடியும் பெயர்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஜாட் ரெஜிமென்டுக்கு ஆள் எடுத்த முக்கியமான மண், ரோத்தக், ஹிசார் பக்கத்து ஊர்கள். இன்றைய ஹரியானா. மூவாரில் விழுந்த பையன்கள் புறப்பட்ட அந்த வட்டாரத்தில்தான், அவர்கள் விழுவதற்கு நான்கு வருடம் முன்பு, 1937 டிசம்பர் 16-ஆம் தேதி உம்ராவாஸ் என்னும் ஊரில் ஹவா சிங் பிறந்தார். வானம் பார்த்த மணல் பூமி. கம்பும் கடலையும் விளையும். பன்சி லால் முதலமைச்சராகி மேட்டு நிலத்துக்குக் கால்வாய்த் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றியது 1968-க்குப் பிறகு நடந்த கதை. அதற்கு முன் ஒரு விவசாயிக்கு மூன்று மகன்கள் இருந்தால், நிலம் ஒருவருக்குத்தான் காணும். மற்றவர்கள் எங்கே போவது? பட்டாளத்துக்கு. நம் பாட்டன்கள் கங்காணியின் பின்னால் கப்பலேறினார்கள் அல்லவா, அவர்கள் ஆளெடுப்பு அதிகாரியின் பின்னால் ரயிலேறினார்கள்.

ஹவா சிங் ரயிலேறியது 1956-இல், பத்தொன்பதாம் வயதை ஒட்டி. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பையன்கள் கோதாவில் புரண்டு வளர்வார்கள். குத்துச்சண்டை பட்டாளத்தில் கற்றுக்கொள்வது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ராணுவம் அதைப் போர்ப்பயிற்சியின் ஒரு பகுதியாக வைத்திருந்தது. பட்டாளத்துக்குப் பட்டாளம் போட்டி, பிறகு பிரிகேட், டிவிஷன், கமாண்ட் என்று படிப்படியாக மேலே போகும். ஜெயிக்கிற பையனுக்குக் காவல் ட்யூட்டியில் சலுகை கிடைக்கும், கூடுதல் பாலும் முட்டையும் கிடைக்கும், அதிகாரிக்குப் பெயர் தெரியும். சிப்பாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

1960-இல் மேற்குக் கமாண்ட் போட்டியில், அப்போது பட்டத்தை வைத்திருந்த மொஹப்பத் சிங்கை ஹவா சிங் தோற்கடித்தார். 1961-இல் தேசிய ஹெவிவெயிட் சாம்பியன். அதிலிருந்து 1972 வரைக்கும் தொடர்ச்சியாக 11 முறை அந்தப் பட்டம் அவர் கையைவிட்டுப் போகவில்லை.

இந்த 11 என்ற எண்ணைப் பார்த்து நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு மனிதன் இவ்வளவு காலம் தோற்காமல் இருந்தால் அவன் பலசாலி என்பது ஒரு பாதி. அவனுக்கு ஈடுகொடுக்கும் ஆள் அந்த நாட்டில் உருவாகவில்லை என்பது மறுபாதி. 81 கிலோவுக்கு மேல் தசையும் எலும்புமாக, கொழுப்பில்லாமல், ஓடியாடும் ஆள் அன்றைய இந்தியாவில் எத்தனை பேர்? ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். உயரமான, பெருத்த பையன்களுக்குச் சாப்பாடு போடக் கட்டுப்படியானது ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் போலீசுக்கும்தான். ஆகவே, ஹவா சிங் உள்நாட்டில் மோதியதும் பெரும்பாலும் தன்னைப் போன்ற சீருடைக்காரர்களோடுதான்.

அமெச்சூர் குத்துச்சண்டையின் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் குத்துச்சண்டை என்றால் 1975 ஜூலை 1-ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் ஆடியதுதான் நினைவுக்கு வரும். கொளுத்தும் வெயில், 15 சுற்று, புள்ளிக் கணக்கில் அலி வென்றார். 15 சுற்று என்றால் முதல் நான்கைந்து சுற்றை எதிராளியை நோட்டம் பார்ப்பதிலேயே கழித்துவிடலாம். அமெச்சூரில் மொத்தமே மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். ஒன்பது நிமிடத்தில் ஒரு மனிதனின் நாலு வருட உழைப்புக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். முதல் சுற்றில் நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். தலைக்கவசம் அப்போது இல்லை. ஒலிம்பிக்குக்கே அது 1984-இல்தான் வந்தது. காசும் கிடையாது. வாங்கினால் அமெச்சூர் என்ற தகுதி போய்விடும்.

இன்னொன்று. இப்போது இருப்பதுபோல் சூப்பர் ஹெவிவெயிட் என்று தனிப் பிரிவு அன்று கிடையாது. 81 கிலோவைத் தாண்டிவிட்டால் எதிரே வருபவன் 82 கிலோவாகவும் இருக்கலாம், 110 கிலோவாகவும் இருக்கலாம். தராசு அதற்குமேல் கேள்வி கேட்காது.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு வந்தது. ஹவா சிங்குக்கு 24 வயது, தேசியச் சாம்பியன், உடம்பு உச்சத்தில் இருக்கும் பருவம். போக முடியவில்லை. சீன எல்லையில் புகைந்துகொண்டிருந்த பிரச்சினை குறுக்கே விழுந்தது. அவர் முதலில் சிப்பாய், பிறகுதான் குத்துச்சண்டைக்காரர். ஜகார்த்தாவில் அவரைப் போன்ற இன்னொரு ராணுவ வீரர், லைட்வெயிட்காரர் பதம் பகதூர் மல் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அந்தச் செய்தி கேட்டபோது ஹவா சிங்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று கதை கட்டிவிடலாம்; எனக்கு இஷ்டமில்லை. அக்டோபரில் போரே மூண்டது. அந்த வருடம் அந்தப் பட்டாளங்களில் பலர் பதக்கத்தைவிடப் பெரியதை இழந்தார்கள்.

ஒலிம்பிக் கதை இதைவிட வேதனை, ஏனென்றால் அங்கே போரும் இல்லை, வெள்ளமும் இல்லை. 1948 லண்டனுக்கும் 1952 ஹெல்சிங்கிக்கும் இந்தியா குத்துச்சண்டைக்காரர்களை அனுப்பியது. அதற்குப் பிறகு நிறுத்திவிட்டது. 1956, 1960, 1964, 1968 என்று நாலு ஒலிம்பிக் போயின. இந்தியக் குத்துச்சண்டைக்காரர் ஒருவர்கூட இல்லை. ஹவா சிங்கின் முழு ஆட்டக் காலமும் இந்த இடைவெளிக்குள் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. டோக்கியோவில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியவர் ஜோ ஃபிரேசர். மெக்சிகோவில் ஜார்ஜ் ஃபோர்மன். இவர்களோடு மோதியிருந்தால் ஹவா சிங் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. ஃபோர்மனின் கையில் எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள்? ஆனால் அடிவாங்கித் தோற்பதற்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் அல்லவா! தோற்றாலாவது தன் அளவு என்ன என்று ஒருவனுக்குத் தெரியும். ஆசியாவுக்கு வெளியே தன் எடை என்ன என்பதை அறியாமலே ஹவா சிங் கையுறையைக் கழற்றினார். என்னைக் கேட்டால், அவருடைய 11 பட்டங்களைவிட அந்த நாலு வெற்று ஒலிம்பிக்தான் இந்தியக் குத்துச்சண்டையைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சரி, பேங்காக்குக்கு வருவோம்.

1966 நவம்பர் 1-ஆம் தேதி பஞ்சாபிலிருந்து பிரிந்து ஹரியானா தனி மாநிலமாகிறது. டிசம்பர் 9-ஆம் தேதி பேங்காக்கில் ஐந்தாவது ஆசிய விளையாட்டு தொடங்குகிறது. நாற்பது நாள்கூட ஆகாத மாநிலத்திலிருந்து ஒரு ஹெவிவெயிட் போய் இறங்குகிறார். ஹெவிவெயிட் இறுதியில் எதிரே நின்றவர் பாகிஸ்தானின் அப்துல் ரஹ்மான்.

ஆண்டைக் கவனியுங்கள். 1965 செப்டம்பரில்தான் இரண்டு நாடும் போரை நிறுத்தின. தாஷ்கண்டில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வருடம் முழுதாக முடியவில்லை. இந்தப் பக்கம் ஓர் இந்தியச் சிப்பாய், அந்தப் பக்கம் ஒரு பாகிஸ்தானி. நடுவே நிற்கும் மூன்றாம் மனிதர் இருவரையும் அழைத்துக் கையுறையைத் தொட்டுக்கொள்ளச் சொல்கிறார். எல்லையில் கிடைக்காத மரியாதை அது. ஒன்பது நிமிடக் கணக்கில் ஹவா சிங்குக்குத் தங்கம்.

அந்த ஆண்டு இந்தியா வென்ற தங்கம் மொத்தம் ஏழு. அதில் உயரம் தாண்டுதலில் வென்ற பீம் சிங்கும் ஹவா சிங் பிறந்த அதே பிவானி வட்டாரத்துக்காரர். வட்டெறிதலில் வென்ற பிரவீன் குமாரை உங்கள் வீட்டு அம்மாவும் அறிவார். ஞாயிறு காலையில் தொலைக்காட்சியில் ஓடிய மகாபாரதத்தில் கதாயுதத்தோடு பீமனாக வந்தவர் அவர்தான். நிஜமான விளையாட்டு வீரர் என்பது பலருக்குத் தெரியாது. அந்நாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி, நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம். சிப்பாய் ஒருவர் தங்கத்தோடு திரும்பியதைக் கேட்டுச் சல்யூட்டை ஏற்றுக்கொள்ளும் நாற்காலியில் அன்று ஒரு தமிழர் இருந்தார் என்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அவ்வளவுதான், வேறு சம்பந்தமில்லை. ஹவா சிங்குக்கு அந்த ஆண்டே அர்ஜுனா விருது கிடைத்தது.

நாலு வருடம் கழித்து 1970. ஆறாவது ஆசிய விளையாட்டை நடத்த வேண்டியது சியோல். வடகொரியாவின் மிரட்டலைக் காரணம் காட்டித் தென்கொரியா பின்வாங்கிவிட்டது. மறுபடி பேங்காக்கே தூக்கிச் சுமந்தது. ஹவா சிங்குக்கு 33 வயதைத் தொடும் நேரம். ஹெவிவெயிட்காரர்களுக்குக் கால் முதலில் போகும், கை கடைசியில் போகும் என்பார்கள் பயிற்சியாளர்கள். எதிராளியைச் சுற்றி வரும் வேகம் குறையும். ஆனால் குத்தின் கனம் அப்படியே இருக்கும். அதனால் வயதான ஹெவிவெயிட் ஓடமாட்டார். ரிங்கின் நடுவை ஆக்கிரமித்து நின்றுகொள்வார். சின்னவன் சுற்றிச் சுற்றி வரட்டும், களைக்கட்டும். இறுதியில் ஈரானின் ஓம்ரான் கத்தாமியை வென்று ஹவா சிங் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அதே நகரம், அதே பிரிவு, இரண்டு தங்கம்.

இதற்குப் பிறகு வந்த இந்தியர்களின் பட்டியலைப் பாருங்கள். 1982-இல் டெல்லியில் கௌர் சிங். 1998-இல் மீண்டும் பேங்காக்கில் டிங்கோ சிங். 2010-இல் விஜேந்தர் சிங்கும் விகாஸ் கிருஷ்ணனும். 2014-இல் மேரி கோம். 2018-இல் அமித் பங்கால். எல்லாரும் ஆளுக்கு ஒரு தங்கம். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள்கூட ஆசிய விளையாட்டில் ஹவா சிங்கின் கணக்கை எட்டவில்லை.

1972-இல் ஒரு வேடிக்கை நடந்தது. இருபது வருடம் கழித்து இந்தியா ஒலிம்பிக்குக்குக் குத்துச்சண்டைக்காரர்களை அனுப்பியது. மூன்று பேர்: முனுசாமி வேணு, சந்திர நாராயணன், மேதாப் சிங். ஹெவிவெயிட்டுக்கு யாருமில்லை. ஹவா சிங்கின் கடைசி தேசியப் பட்டமும் அதே 1972-தான். கதவு திறந்தபோது அவர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்த மியூனிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய இருபது வயதுக் கியூபாக்காரர் தியோஃபிலோ ஸ்டீவன்சனும், வாழ்நாள் முழுக்க காசுக்கு ஆடாத அமெச்சூர்தான். அவருக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் 'கியூபா' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பொதுவாக இந்த இடத்தில் விளையாட்டு வீரர்களின் கதை முடிந்துவிடும். ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் துணியில் சுற்றிய பதக்கங்கள், பென்ஷன், கூரையடியில் கட்டில், வருகிற நிருபரிடம் மனக்குறை. கௌர் சிங்கின் கடைசிக் காலம் ஏறக்குறைய அப்படித்தான் போனது. மருத்துவச் செலவுக்குத் திண்டாடினார். ஹவா சிங்கின் கதைக்கு இரண்டாம் பாதி இருக்கிறது, எனக்கு முதல் பாதியைவிட அதுதான் பிடிக்கும்.

கேப்டன் ஹவா சிங் என்ற பெயரோடு பட்டாளத்தைவிட்டு வந்தவர் பிவானியில் உட்கார்ந்தார். பிவானிக்குச் 'சோட்டி காசி' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு, கோயில்கள் அதிகம் என்பதால். காலையில் மணிச் சத்தம் கேட்கும் ஊர். 1980-களின் நடுவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் அங்கே வேரூன்ற முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். பையன்களைச் சேர்த்துக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

சொல்லிக்கொடுப்பது என்றால் முதல் நாளே அடிக்க விடமாட்டார்கள். முதலில் கைக்குத் துணி சுற்றப் பழக வேண்டும். என் ஜொகூர் பாருப் பொடியன் எனக்கு ஒருமுறை சுற்றிக் காட்டினான். நாலரை மீட்டர் நீளமான பட்டை. நுனியிலுள்ள காதைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து மூன்று சுற்று. பிறகு உள்ளங்கை, புறங்கை என்று முட்டிகளின் மேல் மூன்று சுற்று. அங்கேதான் மெத்தை மாதிரி தடிக்க வேண்டும். பிறகு சுண்டுவிரல் இடுக்கில் நுழைத்து மணிக்கட்டு, மோதிரவிரல் இடுக்கில் நுழைத்து மணிக்கட்டு, ஆள்காட்டி விரல் இடுக்கு, கட்டைவிரல், கடைசியில் மணிக்கட்டிலேயே ஒட்டி முடிக்க வேண்டும். தளர்வாகச் சுற்றினால் எலும்பு முறியும். இறுக்கினால் விரல் மரத்துவிடும். நான் மூன்று முறை சுற்றினேன், மூன்று முறையும் அவிழ்ந்தது. "ஒரு மாசம் இதை மட்டும் செய்ங்க அங்கிள், அப்புறம் குத்தலாம்" என்றான். உலகத்துக் குத்துச்சண்டைக் கூடங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு மாதம் உண்டு. பிவானியிலும் உண்டு.

அங்கே வந்த பிள்ளைகள் யார்? பஸ் டிரைவர் மகன், சிறு விவசாயி மகன், கான்ஸ்டபிள் மகன். ஏன் வந்தார்கள்? பதக்க ஆசை பிறகு வந்திருக்கலாம். முதலில் வேலை. மாநிலச் சாம்பியன் ஆனால் ராணுவத்திலோ ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். ஹவா சிங் தன் உடம்பால் கண்டுபிடித்த வழி அது. பிறகு பிவானியே அந்த வழியாக நடந்தது. அவரிடம் பயின்ற ராஜ்குமார் சங்வான் ஹெவிவெயிட்டில் ஆசியச் சாம்பியனாகி அர்ஜுனா விருதும் பெற்றார்.

1999-க்கான துரோணாச்சார்யா விருது ஹவா சிங்குக்கு அறிவிக்கப்பட்டது. பயிற்சியாளருக்கு இந்தியாவில் இதற்குமேல் விருதில்லை. விழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, 2000 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, பிவானியில் திடீரென்று இறந்துபோனார். 62 வயது. விருதை அவர் மனைவி போய் வாங்கிவந்தார்.

1962-இல் ஜகார்த்தா, 1972-இல் மியூனிக், 2000-இல் விருது மேடை. இந்த மனிதருக்கும் நாள்காட்டிக்கும் ஆகவே ஆகாது போலிருக்கிறது.

எட்டு வருடம் போனது. 2008 பெய்ஜிங். இந்தியா அனுப்பிய குத்துச்சண்டைக்காரர்கள் ஐந்து பேர். அவர்களில் நாலு பேர் பிவானியிலிருந்து: அகில் குமார், ஜிதேந்தர் குமார், தினேஷ் குமார், விஜேந்தர் சிங். காலிறுதி வரை போன மூன்று பேருமே பிவானி. உலகச் சாம்பியனாக வந்த ரஷ்யாவின் வொடொபியானோவை அகில் குமார் சாய்த்தார். விஜேந்தர் ஈக்வடாரின் கோங்கோராவை வென்று, அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரேயாவிடம் தோற்று, இந்தியக் குத்துச்சண்டைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். மறுநாள் பத்திரிகைகள் பிவானிக்குப் புதுப் பட்டம் சூட்டின: 'சின்னக் கியூபா.' சோட்டி காசிக்குச் சோட்டி கியூபா!

இந்தப் புகழை எல்லாம் ஹவா சிங் தலையிலேயே கட்டிவிட்டால் அது நியாயமாகாது. அந்தப் பையன்களை உருவாக்கிய பெரும்பங்கு, பிவானி பாக்ஸிங் கிளப்பைத் தொடங்கி நடத்திய ஜெகதீஷ் சிங்கைச் சேரும். தேசியப் பயிற்சியாளர் குர்பக்ஷ் சிங் சந்து இருந்தார். ஹவா சிங் செய்தது அதற்கு முந்திய வேலை. ஒரு கோயில் ஊரில், பிள்ளையின் மூக்கு உடைந்து வீட்டுக்கு வந்தாலும் பெற்றோர் மறுநாள் அவனைத் திரும்ப அனுப்பும் நிலையை உண்டாக்கினார். நம் ஊரில் ஒரு பையன் உதடு வீங்கி வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் காலத்தில் பெண்கள் ரிங் ஏறும் கேள்வியே கிடையாது. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012-இல்தான் நுழைந்தது. 2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 57 கிலோவில், பாரிஸ் ஒலிம்பிக் வெள்ளி வென்ற போலந்தின் யூலியா ஷெரெமெத்தாவைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார் பிவானியின் ஜாஸ்மின் லம்போரியா. ஹவா சிங்குக்குக் கொள்ளுப்பேத்தி முறை.

அதே லிவர்பூலில், 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிக்கு வந்தவர் நூபுர் ஷியோரன். அவர் ஹவா சிங்கின் மகனுடைய மகள், சொந்தப் பேத்தி. தாத்தாவின் பெயரைத் தாங்கிய கூடத்தில், தந்தையிடம் பயின்றவர். தாத்தா ஆடியது 81-க்கு மேல். பேத்தி ஆடுவது 80-க்கு மேல். எதிரே மறுபடியும் ஒரு போலந்துக்காரி, அகதா கச்மார்ஸ்கா. மூன்று சுற்றும் மல்லுக்கட்டு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் போலந்துப் பக்கம், இரண்டு பேர் இந்தியப் பக்கம். வெள்ளி.

நான் அந்தச் சண்டையின் பதிவைப் பொடியனின் கைபேசியில் பார்த்தேன். பக்கத்து மேசையில் பந்து விளையாட்டுக்குக் கூச்சல். தீர்ப்பு வந்ததும் பொடியன் மேசையைத் தட்டினான், டம்ளர் ஆடியது. பின்னோக்கி நகர்த்தி மூன்றாம் சுற்றை இன்னொரு தரம் போட்டான். "இந்தப் பொண்ணு பின்னாலயே போகல பாருங்க அங்கிள், நடுவுலயே நிக்குது" என்றான்.

அடுத்த வாரம் நம் நாட்டுக்கே திரும்புகிறோம். 1998, கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டு, சரவாக்கிலிருந்து வந்த ஒரு சின்ன உருவம்: சாபோக் பிக்கி.

(தொடரும்)